நானோ துகளில் ஏறிவரும் புற்றுநோய் மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளின் வீட்டார், கீமோ வார்டில் வேலை செய்பவர்கள், மருந்தியல் மாணவர்கள் என்று மூன்று தரப்பாரும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் டாக்ஸில் என்ற மருந்து திரும்பத் திரும்ப வரும். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதுதான் முதல் நானோ மருந்து. அதிகக் காலம் கையாளப்பட்டதும், சாதகபாதகம் தெளிவாகத் தெரிந்ததும் அதுவே.

நானோ மருந்து என்றால் புது மருந்தா?

பெரும்பாலும் பழைய மருந்துதான், வண்டிதான் புதிது. டாக்ஸோரூபிசின் 1970-களிலிருந்தே புழக்கத்தில் உள்ள கீமோ மருந்து. அதையே 80 முதல் 90 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தால் டாக்ஸில். ஒரு ரத்தச் சிவப்பணுவின் குறுக்கே இந்தக் குமிழ்களை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 80 குமிழ்கள் பிடிக்கும். இந்தக் குமிழுக்கு லிப்போசோம் என்று பெயர். இங்கிலாந்தில் அலெக் பாங்ஹம் 1960-களில் கண்டறிந்தது. அதை மருந்தாக்கி நோயாளி வரை கொண்டுவந்ததில் ஜெருசலேமைச் சேர்ந்த யெஹெஸ்கேல் பாரன்ஹோல்ஸ், அல்பெர்டோ கபிஸோன் இருவருக்கும் பெரும்பங்கு உண்டு.

மருந்தின் மூலக்கூறு மாறவில்லை. அது உடலில் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் மாறுகிறது. சாதாரண டாக்ஸோரூபிசினை ஏற்றினால் சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டு இதயம் உட்பட எல்லாத் திசுக்களுக்குள்ளும் இறங்கிவிடும். குமிழில் அடைத்தது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 55 மணி நேரம் ஆகும்.

'குறிவைத்துத் தாக்கும்' என்கிறார்களே, கட்டி எங்கே இருக்கிறது என்று துகளுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. டாக்ஸிலின் மேல் கட்டியை அடையாளம் காணும் உறுப்பு எதுவும் கிடையாது. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

ஆனால் கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசர அவசரமாக வளர்ந்தவை. சுவர் ஒழுங்காக இருக்காது, ஓட்டை விழுந்திருக்கும். நல்ல திசுவின் குழாய்ச் சுவரில் நுழைய முடியாத துகள் இங்கே கசிந்து உள்ளே போகும். போனதை வெளியே எடுத்துச்செல்லும் நிணநீர்க் குழாய்களும் கட்டிக்குள் சரியாக வேலை செய்யாது. ஆகவே கசிந்தது அங்கேயே தேங்கும். ஜப்பானின் குமமோத்தோவில் மட்சுமுராவும் ஹிரோஷி மாயேதாவும் 1986-இல் இதை எழுதினார்கள். இ.பி.ஆர். விளைவு (கசிவும் தேக்கமும் கூடுவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொல்வது இதைத்தான்.

எலியின் கட்டியில் இது அழகாகத் தெரியும். எலிக்கு ஒட்டவைக்கும் கட்டி சில வாரங்களில் வேகமாக வளர்வதால் ஓட்டையும் அதிகம். மனிதரில் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளின் இரண்டு கட்டிகளுக்குள்ளும் வேறுபடும். டொரன்டோவில் வாரன் சானின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு திருப்பம். அவர்கள் பார்த்த கட்டிகளில் துகள்களில் மிகப் பெரும்பகுதி ஓட்டை வழியாக நுழையவில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை விழுங்கி மறுபக்கம் கடத்தியிருந்தன. முப்பது வருடமாகப் பாடத்தில் இருந்த 'ஓட்டைக் குழாய்' விளக்கம் பாதிக் கதைதான் என்று இதனால் ஆகிறது. மாணவர்கள் இதைச் சேர்த்தே படிப்பது நல்லது.

ஏற்றிய மருந்தில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேரும்?

2005-இலிருந்து பத்து ஆண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளைத் திரட்டி சானின் குழு 2016-இல் கணக்கிட்டபோது நடுமதிப்பு 0.7 சதவீதம் என்று வந்தது. அதாவது ஆயிரம் துகள் ஏற்றினால் ஏழு.

குறைவாகத் தோன்றும். ஆனால் சாதாரண கீமோ மருந்திலும் மிகச் சிறிய பங்குதான் கட்டியை அடைகிறது. கட்டிக்கு எவ்வளவு போனது என்ற கேள்வியோடு, இதயத்துக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் எவ்வளவு போகாமல் தப்பியது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். நானோ மருந்தால் நோயாளிக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது.

மீதி எங்கே போகிறது?

கல்லீரலும் மண்ணீரலும்தான். 5–6 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். 200-க்கு மேலே போனால் மண்ணீரலின் இடுக்குகளில் மாட்டும். நடுவில் உள்ளதைக் கல்லீரலின் குஃப்பர் செல்கள் பிடித்து விழுங்கும். துகள் ரத்தத்தில் விழுந்த கணமே புரதங்கள் வந்து மேலே படியும். அந்தப் படிவுதான் குஃப்பர் செல்லுக்கு 'இது அந்நியம்' என்று காட்டிக்கொடுக்கிறது.

இதைத் தள்ளிப்போடத்தான் குமிழின் மேல் பெக் என்ற பாலிமர் இழைகளை நடுகிறார்கள். நீரை இழுத்துவைத்துக்கொண்டு புல்தரை மாதிரி நிற்கும் இழைகள் புரதத்தை நெருங்கவிடாது. நிரந்தரக் கவசம் என்று எண்ண வேண்டாம். சிலருடைய உடலில் பெக்கை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாகிறது, அப்போது அடுத்த டோஸ் வேகமாக வெளியேறலாம்.

அப்படியானால் சாதாரண டாக்ஸோரூபிசினைவிட எதில் மேல்? நேராகச் சொல்லுங்கள்.

நேரான பதில் 2004-இல் வெளியான ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் இருக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 509 பெண்கள். ஒரு பிரிவுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 50 மி.கி. லிப்போசோம் மருந்து. மற்றதற்கு 3 வாரத்துக்கு ஒருமுறை 60 மி.கி. சாதாரண டாக்ஸோரூபிசின்.

நோய் அடங்கியிருந்த காலம் லிப்போசோமில் 6.9 மாதம், சாதாரண மருந்தில் 7.8 மாதம். ஆயுள் அதே வரிசையில் 21 மாதம், 22 மாதம். இரண்டிலும் லிப்போசோம் முந்தவில்லை, ஈடாக நின்றது. இதயப் பாதிப்பின் ஆபத்து சாதாரண மருந்தில் மும்மடங்குக்கும் மேல். முடி கொட்டியது அதில் 66 சதவீதம் பேருக்கு, லிப்போசோமில் 20. வாந்தி சாதாரண மருந்தில் 31, லிப்போசோமில் 19. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் புண்ணாவது மட்டும் தலைகீழ்: சாதாரண மருந்தில் 2 சதவீதம், லிப்போசோமில் 48.

ஆகவே 'நானோ என்றால் அதிக சக்தி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புற்றை அடக்கும் திறன் ஏறக்குறைய அதேதான். தொந்தரவு இடம் மாறுகிறது: இதயத்தை விட்டு, தோலுக்கு. இதயம் பலவீனமானவருக்கும், முன்பே நிறைய டாக்ஸோரூபிசின் வாங்கியவருக்கும் இந்த இடமாற்றம் மிகப் பெரிய உதவி. இளவயதில், இதயம் நன்றாக உள்ள ஒருவருக்கு அதே அளவு லாபம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

குமிழுக்குள் மருந்தை எப்படி அடைக்கிறார்கள்?

மருந்தையும் கொழுப்பையும் சேர்த்துக் கலக்கினால் மருந்தில் சிறு பங்குதான் உள்ளே மாட்டும். டாக்ஸிலில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே இருக்கிறது. அதன் ரகசியம் அம்மோனியம் சல்பேட்.

முதலில் குமிழின் சுவர். ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்பாடிடைல்கோலின், கொலஸ்ட்ரால், பெக் கோத்த கொழுப்பு மூன்றும் எடையில் ஏறக்குறைய 3:1:1. இவற்றை 60–65 டிகிரி சூட்டில் எத்தனாலில் கரைத்து, அதே சூட்டில் இருக்கும் 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட் கரைசலில் ஊற்றினால் பல அடுக்குப் பெருங்குமிழ்கள் உருவாகும். சூடு ஆறவிடாமல் இவற்றைப் பாலிகார்பனேட் சல்லடைத் தாள்கள் வழியாக அழுத்தித் தள்ள வேண்டும். 400 நானோமீட்டர் துளை, பிறகு 200, பிறகு 100, தேவையானால் 80. ஒவ்வொன்றிலும் பலமுறை. கடைசியில் ஒரே அடுக்குச் சுவருள்ள, ஒரே அளவான சிறு குமிழ்கள் கிடைக்கும். உள்ளும் புறமும் அம்மோனியம் சல்பேட்.

இப்போது வெளியே உள்ள சல்பேட்டை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலை மாற்ற வேண்டும். டயாலிசிஸ் அல்லது பக்கவாட்டு ஓட்ட வடிகட்டல் இதற்கு. உள்ளே செறிவு, வெளியே வெறுமை என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் மருந்தை உள்ளே இழுக்கும் விசை.

பிறகு டாக்ஸோரூபிசினைச் சேர்த்து 60–65 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குமிழுக்குள்ளிருந்து அம்மோனியா வாயு கசிந்து வெளியேறும். அது விட்டுச்சென்ற அமிலத்தால் உட்புறம் புளிப்பாகும். மின்னேற்றம் இல்லாத டாக்ஸோரூபிசின் சுவரைக் கடந்து உள்ளே போனதும் அந்த அமிலத்தில் மின்னேற்றம் பெறும். மின்னேற்றம் பெற்றது திரும்பச் சுவரைக் கடக்க முடியாது. சல்பேட்டோடு சேர்ந்து உள்ளேயே ஊசி போன்ற படிகமாக உறையும். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் கோடு விழுந்த காப்பிக்கொட்டை போலத் தெரியும். ஒரு குமிழுக்குள் பத்தாயிரத்துக்கு மேல் மூலக்கூறுகள்.

ஆய்வகத்தில் செய்யும்போது எங்கே பிழைக்கிறது?

முதல் சந்தேகம் சூட்டின் மேல் வர வேண்டும். இந்தக் கொழுப்பு 52–55 டிகிரிக்குக் கீழே மெழுகாக இறுகிக்கிடக்கும். சல்லடைத் தாள் வைத்த உலோகக் கூடு ஆறிப்போயிருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தாள் அடைக்கும் அல்லது கிழியும். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் திடீரென்று இறங்கினால் தாளை மாற்றிவிட்டு அந்தச் சுற்றை மறுபடி செய்யுங்கள்.

மருந்து உள்ளே ஏறவில்லையா? வெளியே சல்பேட் மீந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். டயாலிசிஸ் நீரை ஒருமுறை மாற்றியதோடு நிறுத்தியிருப்பார்கள். அல்லது சல்பேட்டை நீக்கிவிட்டு நாள் கணக்கில் வைத்திருந்து, பிறகு மருந்தைச் சேர்த்திருப்பார்கள். அதற்குள் ஏற்றத்தாழ்வு கரைந்துவிடும்.

ஒளிச்சிதறல் கருவியில் சராசரி 90 நானோமீட்டர் என்று வந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. சிதறல் குறியீட்டையும் பாருங்கள். 0.1-க்குக் கீழே என்றால் நல்ல வேலை. 0.2-ஐத் தாண்டினால் பெரிய குமிழ்களும் சிறியவையும் கலந்துகிடக்கின்றன. பெரியவை மண்ணீரலுக்குப் போகும், எலிச் சோதனையின் முடிவு குழம்பும். செய்ததை உறையவைக்கவும் கூடாது. பனிப்படிகம் சுவரைக் குத்தி மருந்தைக் கொட்டிவிடும்.

கசியாத குமிழ் என்றால் சிறந்த குமிழ்தானே?

இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை இதே மாதிரிக் குமிழில் அடைத்த எஸ்பிஐ-77 அதற்குச் சான்று. குமிழ் அருமையாகப் பிடித்துவைத்தது, கட்டியிலும் சேர்ந்தது. ஆனால் அங்கே போயும் மருந்தை விடவில்லை, பலனும் சொற்பம். வழியில் கசியக் கூடாது, போய்ச் சேர்ந்த பிறகு கசிய வேண்டும்; இந்த இரண்டையும் ஒரே சுவரில் அமைப்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

சூட்டில் திறக்கும் குமிழ் ஒரு வழி. தெர்மோடாக்ஸ் என்பது 40 டிகிரிக்கு மேல் சூடேறினால் டாக்ஸோரூபிசினைக் கொட்டும். கல்லீரல் கட்டியை ரேடியோ அலையால் சுடும்போது கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம். 2013 ஜனவரியில் வெளியான பெரிய சோதனையின் முடிவு எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

வார்டில் டாக்ஸில் ஏற்றும்போது எதெல்லாம் கவனிக்க வேண்டும்?

பெயர்க் குழப்பம்தான் முதல் ஆபத்து. சாதாரண டாக்ஸோரூபிசினும் லிப்போசோம் டாக்ஸோரூபிசினும் ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. அளவும் இடைவெளியும் வேறு. மருத்துவர் சீட்டில் 'லிப்போசோமல்' என்ற சொல் முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குப்பியைக் கண்ணாலும் சோதிக்கலாம்: சாதாரணம் தெளிந்த சிவப்புக் கரைசல், லிப்போசோம் சிவப்பாக இருந்தாலும் லேசாகக் கலங்கலாகத் தெரியும், ஒளி மங்கலாகவே ஊடுருவும்.

சூலகப் புற்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு சதுர மீட்டருக்கு 50 மி.கி., 4 வாரத்துக்கு ஒருமுறை. கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்கு 20 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை. உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள பெண்ணுக்குச் சூலகப் புற்று என்றால் 80 மி.கி. குப்பியில் ஒரு மி.லி.-க்கு 2 மி.கி. இருப்பதால் 40 மி.லி. எடுக்க வேண்டும். 90 மி.கி. வரை 250 மி.லி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலும், அதற்கு மேல் 500 மி.லி.-யிலும் கலக்க வேண்டும்.

டெக்ஸ்ட்ரோஸ் தவிர வேறெதிலும் கலக்கக் கூடாது. கைப்பழக்கத்தில் சலைனை எடுத்துவிடுவார்கள், இங்கே அது தவறு. பென்சைல் ஆல்கஹால் போன்ற பதப்படுத்தி சேர்ந்த நீரும் கூடாது. மருந்து திரிந்து படிந்துவிடும். லைனைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸால்தான். வேறு மருந்து ஓடும் அதே லைனில் சேர்க்காதீர்கள். லைனில் ஃபில்டர் வைக்காதீர்கள். ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள்.

தொடங்கும் வேகம் நிமிடத்துக்கு 1 மி.கி. மேலே சொன்ன பெண்ணுக்குப் பையில் மொத்தம் 290 மி.லி. இருக்கும், ஆக நிமிடத்துக்குச் சுமார் 3.6 மி.லி. தொந்தரவு ஏதும் இல்லையென்றால் வேகத்தைக் கூட்டி ஒரு மணி நேரத்தில் முடியும்படி ஏற்றலாம். குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். கலந்த பையும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றத் தொடங்கிய சில நிமிடத்தில் முகம் சிவந்து, மூச்சு முட்டியது. அலர்ஜியா? இனி இந்த மருந்தே கூடாதா?

பத்தில் ஒருவருக்கு இப்படி வரும், பெரும்பாலும் முதல் டோஸில். முதுகு வலி, மார்பு இறுக்கம், குளிர், ரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவையும் வரலாம். மருந்தை முன்பு ஒருமுறைகூடச் சந்திக்காத உடலிலும் வருவதால் இது வழக்கமான அலர்ஜி அல்ல. குமிழின் மேற்பரப்பைக் கண்டு ரத்தத்தின் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் நேரடியாகக் கிளம்பிவிடுகின்றன. நிமிடத்துக்கு எத்தனை குமிழ் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது அது. மெதுவாகத் தொடங்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று நோயாளி சொன்னாலும் கேட்காதீர்கள். லேசாக இருந்து அடங்கினால் மருத்துவர் வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குவார். பலருக்குப் பிறகு பிரச்சினை வருவதில்லை. உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போனால் அந்த மருந்து அதோடு நிறுத்தம். அவசர மருந்துகளும் ஆக்ஸிஜனும் கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இதை ஏற்றவே கூடாது.

கை, கால் தோல் எரிகிறது, உரிகிறது. என்ன செய்வது?

குமிழ்கள் நாள் கணக்கில் ரத்தத்தில் சுற்றுவதன் விலை இது. உராய்வும் அழுத்தமும் சூடும் உள்ள இடங்களில் நுண்குழாய்களிலிருந்து கசிந்து தோலில் தேங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் டோஸுக்குப் பிறகுதான் பெரும்பாலும் தலைகாட்டும்.

ஏற்றிய நாளிலிருந்து நான்கைந்து நாள் கைக்கும் காலுக்கும் ஓய்வு. வெந்நீர்க் குளியல் வேண்டாம், வெதுவெதுப்பும் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். துணி பிழிவது, அம்மியில் அரைப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, அடுப்பருகே நெடுநேரம் நிற்பது எல்லாவற்றையும் வேறு யாராவது பார்க்கட்டும். வெயில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இறுக்கமான செருப்பு, வளையல், உள்ளாடை இலாஸ்டிக் அழுத்தும் இடமும் புண்ணாகும். பலர் அக்குளையும் மார்படியையும் மறந்துவிடுகிறார்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தேய்க்காமல் ஒற்றித் தடவுங்கள்.

சிவந்து கூச்சம் எடுத்தாலே அடுத்த டோஸுக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. வலியும் வீக்கமும் வந்திருந்தால் தோல் ஆறும்வரை அதிகபட்சம் இரண்டு வாரம் தள்ளிப்போடுவார்கள். கொப்புளம் அளவுக்குப் போயிருந்தால் அடுத்ததில் 25 சதவீதம் குறைப்பார்கள். மறைத்து அடுத்த டோஸையும் வாங்கினால் நடக்கவே முடியாமல் போய், அப்போது சிகிச்சையே முறியும்.

இதயத்துக்குப் பாதுகாப்பு என்றீர்கள். எக்கோ எடுக்க வேண்டாமா?

கட்டாயம் எடுக்க வேண்டும், தொடங்கும் முன்னும் நடுவிலும். ஆபத்து குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. முன்பு வேறு மருத்துவமனையில் டாக்ஸோரூபிசினோ எபிரூபிசினோ வாங்கியிருந்தால் அந்தத் தாள்களை எடுத்துப்போங்கள். வாழ்நாள் மொத்தக் கணக்கில் அதுவும் சேரும்.

அப்ராக்ஸேனும் இதே மாதிரிக் குமிழா?

இல்லை. அது பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தை மனித ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியது. பாக்லிடாக்ஸெல் தண்ணீரில் கரையாது. பழைய வடிவத்தில் அதைக் கரைக்க விளக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோர் என்ற பொருள் தேவைப்பட்டது. கடும் ஒவ்வாமை வந்ததில் அந்தக் கரைப்பானுக்குப் பெரும்பங்கு. அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி, மூன்று மணி நேர டிரிப். அப்ராக்ஸேனில் கிரெமோஃபோர் இல்லை. 30 நிமிடத்தில் ஏறிவிடும், வழக்கமாக முன்மருந்தும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு தவிர்வதே பெரிய நிம்மதி.

ஆனால் இந்தத் துகள் ரத்தத்தில் விழுந்ததும் வேகமாகக் கரைந்து, பாக்லிடாக்ஸெல் தனித்தனி ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். நெடுநேரம் சுற்றிக் கட்டியைத் தேடும் வண்டி என்று அதைச் சொல்ல முடியாது. நல்ல கரைப்பான் என்பதே சரி.

2005-இல் வந்த மார்பகப் புற்றுச் சோதனையில் 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, பழைய வடிவத்தில் 19. ஆனால் அப்ராக்ஸேன் 260 மி.கி., பழையது 175 மி.கி.; அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிற்பாடு வாராவாரம் கொடுத்து ஒப்பிட்ட பெரிய சோதனையில் அது பழைய பாக்லிடாக்ஸெலை முந்தவில்லை, மரத்துப்போதல் அதிகமாக இருந்தது. கணையப் புற்றில் அதன் இடம் உறுதியானது: 2013-இல் வெளியான சோதனையில் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்தபோது ஆயுளின் நடுமதிப்பு 6.7-இலிருந்து 8.5 மாதமானது.

கலக்கும் கைக்கு ஒரு சொல். 100 மி.கி. குப்பியில் 20 மி.லி. சலைனை (ஆம், இதற்குச் சலைன்தான்) ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், குப்பியின் உட்சுவரில் வழியும்படி விடுங்கள். பொடியின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரைக்கும். ஐந்து நிமிடம் ஊறட்டும், பிறகு இரண்டு நிமிடமாவது மெல்லச் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம். நுரைத்துவிட்டால் கால் மணி நேரம் வைத்து அடங்கவிடுங்கள். பால் போல இருப்பதுதான் சரி. பொடி கட்டியாகத் தெரிந்தால் கரையும்வரை சுழற்றுங்கள். நோயாளியின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 1,500-க்குக் கீழே இருந்தால் அன்று ஏற்றுவதில்லை.

துகளின் மேல் ஆன்டிபாடி ஒட்டி, புற்றுச் செல்லையே தேடிப்போக வைக்க முடியாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள். எம்.எம்.-302 என்பது, சில மார்பகப் புற்றுச் செல்களின் மேல் உள்ள ஹெர்-2 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டு ஒட்டிய டாக்ஸோரூபிசின் குமிழ். பலன் காட்டாது என்று தெரிந்ததால் 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. பைண்ட்-014 புராஸ்டேட் புற்றின் ஒரு புரதத்தைத் தேடும் டோசிடாக்ஸெல் துகள். அதன் நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

காரணம் யோசித்தால் புரியும். ஆன்டிபாடி செல்லைத் தொட்ட பிறகுதான் பிடிக்கும். தொடும் தூரம் வரை கொண்டுபோவது அதே ரத்த ஓட்டமும் அதே கசிவும்தான். ரத்தப் புரதங்கள் மேலே படிந்து அந்த ஆன்டிபாடியையே மூடிவிடலாம். நிறைய ஒட்டினால் கல்லீரல் இன்னும் வேகமாகப் பிடிக்கும். அழுத்தமாகப் பிடிப்பது என்றால் ரத்தக் குழாயை ஒட்டிய முதல் வரிசைச் செல்களிலேயே சிக்கிக்கொண்டு கட்டியின் ஆழத்துக்குப் போகாது.

ஆன்டிபாடியில் நேரடியாக மருந்தைக் கோக்கும் டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டெகான் போன்றவை வேறு வகை. சுமார் 10 நானோமீட்டர் அளவு, ஆன்டிபாடிக்கு எட்டு மருந்து மூலக்கூறு. சுமை சிறியது, ஆனால் ஆழம் போகும். இப்போதைக்கு உண்மையில் குறிவைத்துத் தாக்கி வென்றிருப்பது அந்த வகைதான் என்பது எங்கள் கருத்து.

ஆயுளை நீட்டியதாகக் காட்டிய நானோ மருந்து வேறு உண்டா?

உண்டு. வைக்ஸியோஸ், 2017. சைடராபின், டானோரூபிசின் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் 5:1 என்ற மூலக்கூறு விகிதத்தில் ஒரே குமிழில். தனித்தனியாக ஏற்றினால் உடல் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் வெளியேற்றி விகிதத்தைக் கெடுத்துவிடும். குமிழ் அதைக் காக்கிறது. 60 முதல் 75 வயதுள்ள, ஆபத்து மிகுந்த மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளில் ஆயுள் 5.95 மாதத்திலிருந்து 9.56 ஆனது. ஓனிவைட் என்ற இரினோடெகான் குமிழ் 2015-இல் கணையப் புற்றுக்கு வந்தது. ஜெம்சிடபினுக்குப் பின் நோய் முற்றியவர்களில் 4.2 மாதம் 6.1 ஆனது.

இந்தியாவில் செய்த லிப்போசோம் மருந்து தரமானதா?

2011-இல் அமெரிக்காவில் டாக்ஸில் தயாரிப்பு முடங்கித் தட்டுப்பாடு வந்தபோது, 2012 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு சன் ஃபார்மாவின் லிப்போடாக்ஸை இந்தியாவிலிருந்து தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. மறு ஆண்டு அதே நிறுவனத்தின் ஜெனரிக் அங்கே முறைப்படி அனுமதி பெற்றது.

மாத்திரை ஜெனரிக் போல லிப்போசோம் ஜெனரிக் எளிதல்ல. சேர்மானம் ஒன்றாக இருந்தும் குமிழின் அளவும் கசியும் வேகமும் மாறினால் வேறு மருந்து போல நடக்கும். அதனால் நோயாளியின் ரத்தத்தில் குமிழுக்குள் உள்ள மருந்தையும் கசிந்த மருந்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல் 2019-இல் வெளியானது. விலை குறைந்த பிராண்டுக்கு மாறும்படி சொன்னால், ரத்த அளவை ஒப்பிட்ட ஆய்வு அதற்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நானோ மஞ்சள், நானோ தங்கம், பற்பம் இவையும் புற்றுக்கு நானோ மருந்துதானா?

துகள் நுண்ணியது என்பதால் மட்டும் புற்று மருந்தாகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் எந்த வடிவத்திலும் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. கீமோ நடக்கும்போது இவற்றைச் சாப்பிடுவதானால் ஆன்காலஜிஸ்டிடம் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். அதே கல்லீரலில் இன்னொன்று குறுக்கிட்டால் கீமோவின் அளவு கூடவோ குறையவோ செய்யும்.

ஏற்றிய மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

டாக்ஸில் என்றால் பெரும்பாலும் மருந்தின் நிறம்தான். செம்மஞ்சளாக ஓரிரு நாள் போகும், வியர்வையிலும் கண்ணீரிலும்கூடத் தெரியலாம். கட்டிகட்டியாகப் போனாலோ, எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.